தனித்தனியாக நல்ல வார்த்தைகள்

"சார், நான் சொன்னதுல ஒரு வார்த்தைகூடத் தப்பில்லைங்க."

பியூலா சிஸ்டர் வகுப்புக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக இதைத்தான் சொன்னார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"உட்காருங்க சிஸ்டர்," என்றார் ஆசிரியர்.

"உட்கார நேரமில்லைங்க. இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமைக்குள்ள எனக்கு இங்கிலீஷ் வந்தாகணும்."

ஆசிரியரின் பெயர் சாதிக். குன்னூர் மார்க்கெட்டில், வர்க்கி பிஸ்கட் விற்கும் ஒரு கடையின் மாடியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லமாட்டார் என்பதால் ஊரில் அவரை 'இங்கிலீஷ் சாமியார்' என்று கிண்டல் செய்வார்கள்.

சாமியார் என்றால் ஒரு தாடியாவது இருக்க வேண்டும். முப்பது வயதாகியும் அவருக்கு அது ஒழுங்காக முளைக்கவில்லை. பியூலாவுக்கோ ஐம்பது நெருங்கிவிட்டது. இருந்தும் என்ன செய்வது, கற்றுக்கொள்ள வந்தவர் அவர்தான்.

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டார் சாதிக்.

பியூலா ஜன்னல் வரை நடந்து போய்த் திரும்பி வந்தார்.

மேல் குன்னூரில் ஒரு முதியோர் இல்லத்தில் அவர் நர்ஸ். அவர் பார்த்துக்கொள்வது மிசஸ் ப்ரைஸ் என்ற வெள்ளைக்காரக் கிழவியை. குன்னூரில் பிறந்து, சின்ன வயதிலேயே இங்கிலாந்துக்குப் போய், கணவர் இறந்தபிறகு 'பிறந்த ஊரிலேயே கண்ணை மூடுகிறேன்' என்று அடம்பிடித்துத் திரும்பி வந்தவர். வந்து நான்கு வருடம் ஆகிறது. மகன் மார்ட்டின் அங்கேயே இருக்கிறார்.

"அன்னைக்கு அந்தம்மாவுக்கு முழங்கால்ல நல்ல வலிங்க. அழுதுட்டே இருந்தாங்க. அந்த நேரம் பார்த்து மகன் போன் பண்ணினாரு. அம்மா எப்படி இருக்காங்கன்னாரு. கவலைப்படாதீங்க சார், நான் தூங்க வைக்கிறேன்னு சொன்னேன்."

"இங்கிலீஷ்ல எப்படிச் சொன்னீங்க?"

"ஐ வில் புட் ஹெர் டு ஸ்லீப்."

சாதிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவ்வளவுதாங்க. அந்த மனுசன் கத்து கத்துன்னு கத்தினாரு. எங்கம்மாவைத் தொடாதேன்னாரு. சிரிக்காதீங்க சார்."

"சிரிக்கல சிஸ்டர்."

உண்மையிலேயே அவர் சிரிக்கவில்லை.

"அவங்க ஊர்ல வயசான நாய் வலியில கஷ்டப்பட்டா டாக்டர்கிட்டத் தூக்கிட்டுப் போவாங்க," என்றார். "டாக்டர் ஒரு ஊசி போடுவாரு. அதுக்கப்புறம் நாய் எந்திரிக்காது. அதுக்கு அவங்க சொல்ற வார்த்தை இது."

"எங்க இல்லத்து மேட்ரனும் அதையேதான் சொன்னாங்க. கைக்குழந்தைக்குச் சொன்னா சரியாம். வலியில கிடக்கற கிழவிக்குச் சொல்லக்கூடாதாம். அதுலயும் ஒரு நர்ஸ் சொல்லவே கூடாதாம்."

பியூலா மேசையில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"புட், நல்ல வார்த்தை. ஹெர், நல்ல வார்த்தை. ஸ்லீப், அதைவிட நல்ல வார்த்தை. தனித்தனியா எல்லாமே நல்லதுங்க. சேர்த்துச் சொன்னா எப்படிங்க சார் கொலையாகும்?"



மகனின் உத்தரவு கறாராக இருந்தது. இனிமேல் பியூலா இரவில் அம்மாவின் அறைக்குள் போகக்கூடாது. பகலில் போனாலும் இன்னொரு நர்ஸ் கூடவே நிற்க வேண்டும். மாதக் கடைசி ஞாயிறு வீடியோவில் வந்து பியூலாவோடு பேசிப் பார்ப்பார். திருப்தி இல்லையென்றால், அம்மாவை ஒழுங்காக ஆங்கிலம் பேசுகிறவர்கள் இருக்கும் பெங்களூர் இல்லத்துக்கு மாற்றிவிடுவார்.

"என் வேலை கிடக்குது விடுங்க, வேற வார்டுல போட்டுக்குவாங்க," என்றார் பியூலா. "அந்தம்மா தூங்கியே நாளாச்சுங்க. நான் பக்கத்துல இல்லைன்னா தூங்கமாட்டாங்க. கதவுக்கு வெளிய நின்னு கேக்கறேன், என் பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்க. உள்ள போக முடியலை."

 முகத்தைக் காட்டாமல் மறுபடியும் ஜன்னல் பக்கம் நடந்தார்.

"எந்த வார்த்தைகூட எந்த வார்த்தை சேரும்னு மொத்தமா எழுதிக் குடுத்துடுங்க சார். மனப்பாடம் பண்ணிடறேன். நர்ஸிங்ல எலும்பு பேரெல்லாம் அப்படித்தான் படிச்சோம்."

"காலையில அந்தம்மாவுக்கு என்னென்ன செய்வீங்க? இங்கிலீஷ்லயே சொல்லுங்க."

"மார்னிங் ஐ புட் லைட். ஐ புட் டீ. ஷி ஈட் டாப்லெட்."

"மாத்திரையை அவங்க சாப்பிடமாட்டாங்க சிஸ்டர். 'டேக்' பண்ணுவாங்க. எடுத்துக்குவாங்க."

"எடுத்துட்டு எங்க போவாங்க?"

"எங்கயும் போகமாட்டாங்க. முழுங்குவாங்க."

"அப்ப சாப்பிடறதுதானே?"

சாதிக் ஜன்னலைக் காட்டினார்.

"வெளிய என்ன செய்யுது?"

"வெயில் அடிக்குது."

"யாரை?"

பியூலா அவரை முறைத்தார்.

"பசி எடுக்குதா உங்களுக்கு?"

"இன்னும் எடுக்கலை."

"எங்கேருந்து எடுக்கும்?"

"சார், எனக்குப் பாடம் சொல்லிக்குடுக்கறீங்களா, இல்லை விளையாடறீங்களா?"

"கோபம் வருதா?"

"வருது!"

"பசி எடுக்குது, கோபம் வருது. ஏன் சிஸ்டர், பசி வந்து கோபம் எடுக்கக்கூடாதா?"

"அது அப்படித்தாங்க. அதுக்கென்ன காரணம் கேக்கறது?"

சொல்லிவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று படியிறங்கிப் போய்விட்டார்.

*

சாமியாரை நம்பினால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும் என்று பியூலா பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு புத்தகம் வாங்கினார். எந்த வார்த்தைக்கு எது ஜோடி என்று பக்கம் பக்கமாகப் போட்டிருந்தது. கல்யாணத் தரகர் கையில் இருக்கும் ஜாதகக் கட்டு மாதிரி கனம்.

பி.பி. பார்க்கும்போது படித்தார். பஸ்ஸில் படித்தார். சோறு வடிக்கும்போது படித்துக் கஞ்சியைக் காலில் கொட்டிக்கொண்டார்.

காலில் கட்டோடு, கையில் புத்தகத்தோடு மாடியேறி வந்தார்.

"பஸ் ஸ்டாண்டுல வாங்கினது, மொத்தமும் படிச்சாச்சு சார். கேளுங்க."

"நேத்து சாயங்காலம் மழை எப்படி?"

"ஸ்ட்ராங் ரெயின்."

"அப்ப டீ குடிச்சீங்களா?"

"ஹெவி டீ."

சொன்ன பிறகுதான் உறைத்தது. பியூலா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மாறிப்போச்சு! ஹெவி மழைக்கு, ஸ்ட்ராங் டீக்கு. வீட்டுல சொல்லும்போது சரியாத்தான் சொன்னேன் சார். நீங்க கேட்டதும் மாறிப்போச்சு. மகன் கேட்டாலும் இப்படித்தான் மாறும். எனக்கு மண்டையில ஏறலை. இந்த ஜென்மத்துல ஏறாது."

அவர் அறையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக நொண்டிக்கொண்டே நடந்தார்.

சாதிக் கேட்டார்: "சிஸ்டர், ஒரு பையில ரத்தம் இருக்கு. சுத்தமான ரத்தம். நோயாளிக்கும் அதே குரூப்தான். அப்படியே ஏத்திடலாமா?"

"ஐயையோ, ஏத்தக்கூடாதுங்க! கிராஸ் மேட்ச் பண்ணணும்."

"அப்படின்னா?"

பியூலாவுக்குத் தெரிந்த பாடம் இது. நடந்துகொண்டே சொன்னார்.

"பையில இருக்கற ரத்தத்துல கொஞ்சம் எடுத்து, நோயாளியோட ரத்தத்துல கொஞ்சம் எடுத்து, கலந்து பார்ப்பாங்க. கட்டி கட்டியா ஒட்டிக்கிச்சுன்னா சேராதுன்னு அர்த்தம். ஒரே குரூப்பா இருந்தாலும் சிலது சேராதுங்க."

"ரெண்டும் நல்ல ரத்தந்தானே?"

"தனித்தனியா நல்லதுதான். சேர்ந்தா ஆளே காலியாயிடும்."

"யாரோட ரத்தத்துல கலந்து பார்ப்பாங்கன்னு சொன்னீங்க?"

"அந்த நோயாளியோடதுலதான். வேற யாரோடதுல பார்ப்பாங்க?"

"பஸ் ஸ்டாண்டுல வாங்கிட்டு வந்த ரத்தத்துல பார்க்கமுடியாதா?"

பியூலா நின்றுவிட்டார்.

புத்தகத்தைப் பார்த்தார். ஆசிரியரைப் பார்த்தார்.

"அந்தம்மா பேசறதை நீங்க கேட்டிருக்கீங்களா சிஸ்டர்?"

"எங்கங்க கேக்கறது? நான்தான் பேசிட்டே இருப்பேன். துணி மாத்தறப்ப, தலை சீவறப்ப, கால் அமுக்கிவிடறப்ப, எந்நேரமும் வாய் ஓயாது. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல எதையாச்சும் சொல்லிட்டு இருப்பேன். அவங்க கேட்டுட்டு இருப்பாங்க."

"கொஞ்ச நாளைக்கு மாத்திப் பாருங்க."

*

வாயை மூடிக்கொண்டிருப்பது பியூலாவுக்கு ஜுரம் வந்த மாதிரி இருந்தது.

பகலில் போய் மிசஸ் ப்ரைஸ் கட்டிலருகே இருப்பார். இன்னொரு நர்ஸ் வாசலில் நிற்பாள். பியூலாவின் கை ஓடும், கால் ஓடும், வாய் மட்டும் ஓடாது. முதல் நாள் கிழவி பயந்துபோய், "உனக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். மறுநாள் அவரே பேச ஆரம்பித்தார்.

பியூலா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். கேட்கக் கேட்க அவருக்குள் ஒரு சந்தேகம் வந்தது. பிறகு அது கோபமாக மாறியது. ஞாயிறுக்கு முந்தின நாள் அந்தக் கோபம் தாங்கமுடியாமல், யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் மார்க்கெட்டுக்கு வந்துவிட்டார்.

"சார், நீங்க என்னை ஏமாத்திட்டீங்க!"

வகுப்பில் பிள்ளைகள் இருந்தார்கள். சாதிக் போர்டில் எழுதிக்கொண்டிருந்த கையை எடுத்தார்.

"மாத்திரையைச் சாப்பிடறதுன்னு சொல்லக்கூடாதுன்னீங்களே? அந்தம்மாவே சொல்றாங்க. 'பியூலா, ஐ ஏட் மை டாப்லெட்.' என் காதால கேட்டேன். மகாராணி ஊர்க்காரங்க!"

"அப்புறம்?"

"'புட் த லைட், பியூலா'ங்கறாங்க. நானும் அப்படித்தானேங்க சொன்னேன்? கால் வலிக்குதுங்கறதுக்கு 'மை லெக் இஸ் பெயினிங்'. இன்னும் கேளுங்க. நேத்து வெள்ளிக்கிழமைங்களா, தலைக்குக் குளிக்கணும்னு சொன்னாங்க. எப்படிச் சொன்னாங்க தெரியுமா? 'இட் இஸ் ஃப்ரைடே, ஐ மஸ்ட் டேக் ஹெட் பாத்.' நான் சொல்ற மாதிரியேதான் சார் பேசறாங்க. வெள்ளைக்காரம்மாவுக்குத் தெரியாத இங்கிலீஷா உங்களுக்குத் தெரியும்?"

வகுப்பில் யாரோ சிரித்தார்கள். சாதிக் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

அவர் முகம் மாறிவிட்டிருந்தது. சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"அந்தம்மா இங்க வந்த புதுசுலயே 'ஹெட் பாத்'னுதான் சொன்னாங்களா சிஸ்டர்?"

"இல்லைங்க. அப்ப வேற என்னமோ சொல்வாங்க. முடியைக் கழுவறதுன்னு வரும்."

"வெள்ளிக்கிழமை குளிக்கறதும் அங்கேருந்தே கொண்டுவந்த பழக்கமா?"

"அது எங்க அங்கேருந்து வந்துச்சு? நான்தான் வெள்ளிக்கிழமையானா..."

பியூலா பாதியில் நிறுத்தினார்.

"எத்தனை பக்கம் மனப்பாடம் பண்ணக் குடுத்தீங்க அவங்களுக்கு?" என்று கேட்டார் சாதிக்.

பியூலா பக்கத்தில் இருந்த பெஞ்சைக் கையால் தடவிப் பார்த்து, மெதுவாக உட்கார்ந்தார். இத்தனை நாளில் அந்த வகுப்பில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"ஐயோ, அந்தம்மா இங்கிலீஷையே நான் கெடுத்துட்டேனா சார்?" என்றார்.

சாதிக் எதிர் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

"நாளைக்கு மகன் கேட்டா கண்டுபிடிச்சுருவாரே. முதல்ல ஊசி போடப் பார்த்தா, இப்ப பாஷையையும் கெடுத்துட்டான்னு சொல்வாரே. நான் என்ன சொல்றது? ஒரே ஒரு வாக்கியமாவது குடுங்க சார். அதை மட்டும் தப்பில்லாம சொல்லிடறேன்."

சாதிக் ஒரு வாக்கியம் கொடுத்தார். 'ஐ வில் ஹெல்ப் ஹெர் செட்டில் ஃபார் த நைட்.' இரவுக்கு அவங்களைச் சௌகரியமா படுக்க வைக்கிறேன்னு அர்த்தம் என்றார்.

பியூலா அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். ஒரு வார்த்தைகூடப் பிசகவில்லை.

"சரியா இருக்குதுங்களா?"

"சரியா இருக்கு," என்றார் சாதிக். ஆனால் அவருக்கு அதில் சந்தோஷம் இருந்த மாதிரி தெரியவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் நேரம். மேட்ரன் தன் போனைக் கட்டிலுக்கு எதிரே மேசைமேல் சாய்த்து வைத்தார். இன்னொரு நர்ஸ் வழக்கம்போல வாசலில் நின்றாள்.

திரையில் மகன் மார்ட்டின் வந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அம்மாவை இவ்வளவு தூரத்தில் விட்டுவிட்டுத் தினமும் பயந்துகொண்டிருக்கிற மகன், அவ்வளவுதான்.

அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசினார். பிறகு நேராக விஷயத்துக்கு வந்தார். ராத்திரியில் நீ என் அம்மாவுக்கு என்ன செய்கிறாய், எனக்குப் புரிகிற மாதிரி சொல் என்றார்.

பியூலா போனுக்கு நேராக வந்து நின்றார்.

"ஐ வில் ஹெல்ப் ஹெர் செட்டில் ஃபார் த நைட், சார்."

மணி மாதிரி வந்தது. மேட்ரனே ஆச்சரியத்தோடு திரும்பிப் பார்த்தார்.

மகனின் முகம் இளகவில்லை. "யாரோ எழுதிக் கொடுத்ததைச் சொல்கிறாய்," என்றார். "அது எனக்கு வேண்டாம். நீயாகச் சொல்."

பியூலா படித்த பக்கமெல்லாம் பறந்துவிட்டது. போன் திரையையும் மேட்ரனையும் மாறி மாறிப் பார்த்தார். கட்டில் விரிப்பின் ஓரத்தை இழுத்து இழுத்துச் சரிசெய்தார். சரியாக இருந்ததையும் மறுபடி இழுத்தார்.

மகன் பெருமூச்சுவிட்டு, "மேட்ரன், பெங்களூர் விஷயமாக..." என்று ஆரம்பித்தார்.

தன்னை வைத்துக்கொண்டே தன்னைப் பற்றி இன்னொருவரிடம் பேசினால் மிசஸ் ப்ரைஸுக்குப் பிடிக்காது. அவர் கையை நீட்டி பியூலாவின் மணிக்கட்டைப் பிடித்தார். பல நாள் தூங்காத கண்கள்.

"பியூலா," என்றார். "மை ஐஸ் ஆர் பெயினிங். ஸ்லீப் இஸ் கமிங்."

தமிழில் வலிக்கிற கண்ணும் வருகிற தூக்கமும் அப்படியே ஆங்கிலத்திலும் வந்துவிட்டன.  பேசாதீங்கம்மா, இப்ப பேசாதீங்க என்று பியூலா கண்ணாலேயே கெஞ்சினார்.

மகன் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தார்.

"என்ன சொன்னீர்கள் அம்மா?"

"ஸ்லீப் இஸ் கமிங், மார்ட்டின். ஐ ஏட் மை டாப்லெட்ஸ். நீ போய் உன் வேலையைப் பார்."

"மம்," என்று அம்மாவைக் கூப்பிட்டார் மகன். அவர் குரலில் இருந்தது கோபமா பயமா என்று பியூலாவுக்குத் தெரியவில்லை. "நோபடி டாக்ஸ் லைக் தட்." உலகத்தில் யாருமே அப்படிப் பேசுவதில்லையே அம்மா என்றார்.

மிசஸ் ப்ரைஸ் கண்ணை மூடிக்கொண்டார். பிடித்த மணிக்கட்டை விடவில்லை.

"வி டூ," என்றார்.

நாங்கள் பேசுகிறோம்.

திரையில் மகன், அம்மா பிடித்திருந்த அந்த மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி மேட்ரனைக் கூப்பிட்டு, ராத்திரிக்கு பியூலா இருக்கட்டும், வாசலில் நிற்கும் அந்த இன்னொரு நர்ஸை அனுப்பிவிடலாம் என்றார்.